பியற்றிஸ் அக்கா மறுத்த பொன்னாடை

இலண்டன் கிங்ஸ்பரித் தமிழ்ச் சங்கத்துக்கு நான் செயலாளராக இருந்த காலத்தில், மாதம் ஒருவருக்காவது பொன்னாடை போர்த்தாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. 2004இல் என்னிடம் அகப்பட்டவர் பியற்றிஸ் அக்கா.

அக்காவுக்குப் பள்ளிக்கூடச் சமையல் குசினியில் வேலை. யாழ்ப்பாணத்தில் தேவாலயப் பாடகர் குழுவுக்கு வயலின் வாசித்தவர். ஜெர்மனியில் எட்டு வருடம் இருந்துவிட்டு இலண்டன் வந்தபோதும் வயலினை விடவில்லை. கூட வேலை செய்த ஐரிஷ்காரி நோரா, ஞாயிறு மதியங்களில் கிரிக்கிள்வுட்டில் ஒரு பப்புக்கு அவரை அழைத்துப்போவார். அங்கே வட்டமாக அமர்ந்து ஐரிஷ் நடன மெட்டுகளை வாசிப்பார்கள். சாராயக் கடையில் வயலினா என்று நம்மவர்கள் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். அக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்த வட்டத்தின் வாசிப்பை ஒரு சின்னக் கம்பெனி சீடியாக வெளியிட்டது. ஐந்தாவது மெட்டின் பெயர் ‘பியற்றிஸின் ஜிக்’; ஜிக் என்பது ஒரு வகை ஐரிஷ் நடன மெட்டு. பார்த்ததுதான் தாமதம், ‘ஐரிஷ் இசை அமைத்த ஈழத்துப் பெண்மணிக்குப் பாராட்டு விழா’ என்று நோட்டீஸ் அடித்துவிட்டேன்.

அக்கா நோட்டீசும் கையுமாக என் வீடியோ கடைக்கு வந்தார்.

“சந்திரகுமார், ஆர் உமக்குச் சொன்னது, நான் அமைச்சதெண்டு?”

“பேர் போட்டிருக்கே அக்கா.”

“பேர் தெரியாத மெட்டை, ஆரிட்டைக் கேட்டினமோ அந்த ஆளின்ரை பேராலை கூப்பிடுறது அவையின்ரை வழக்கம். இதை நான் நோராவிட்டைப் பழகினனான், வட்டத்திலை முதல் வாசிச்சது மட்டும்தான் நான். ஆற்றையோ பிள்ளைக்கு என்ரை பேரை வைச்சால் நான் தாயாகேலுமோ?”

ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று அள்ளி வார்த்தவன் நான். விழாவை நிறுத்தினேன்.

அக்கா அதோடு நிற்கவில்லை. பெயரை மாற்றச் சொல்லிக் கம்பெனிக்குப் போனார். யாருடைய மெட்டு என்று சான்றோடு வரச் சொன்னார்கள். நோரா அதைத் தன் மாமா மார்ட்டினிடம் கற்றவர். மார்ட்டின் எப்போதோ இறந்துவிட்டார். அவர் வாசித்துப் பதிந்த கசெட் ஒன்று இருந்ததாம் என்ற பேச்சை மட்டும் பிடித்துக்கொண்டு, அக்கா ஐந்து சனிக்கிழமைகள் லூட்டனிலும் கொவென்ட்ரியிலும் மார்ட்டினின் உறவினர் கதவுகளைத் தட்டினார். ஐந்தாவது வீட்டில், ஒரு பிஸ்கட் டின்னுக்குள் அது கிடந்தது.

என் கடையில்தான் அக்காவும் நோராவும் நானும் போட்டுக் கேட்டோம். வாசிக்கும் முன் மார்ட்டின் ஆங்கிலத்தில் பேசியிருந்தார்: அயர்லாந்தில், மேயோவில் நான் வேலைக்கு நின்ற பண்ணையில் பிரிஜிட் என்றொரு வேலைக்காரி இருந்தாள். வெண்ணெய் கடையும்போது அவள் கட்டிய மெட்டு இது.

நோரா அழுதார். மாமாவின் குரலைக் கேட்டதற்கும், மெட்டு மாமாவுடையதல்ல என்பதற்கும் சேர்த்துத்தான் அழுகிறேன் என்று அவரே சொன்னார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த பதிப்பில் பெயரை மாற்றக் கம்பெனி சம்மதித்தது. ஆனால் விற்காத நானூறு சீடிகளை ஒன்றும் செய்ய இயலாது என்றது. “உங்களுக்கு ஏலாட்டி எனக்கு ஏலும்” என்று அக்கா பெட்டிகளையே வாங்கி வந்துவிட்டார். ‘பிரிஜிட்டின் ஜிக்’ என்று துண்டுகள் அச்சடித்து, அக்காவும் நோராவும் நானும் என் கடைத் தரையில் அமர்ந்து ஒட்டினோம்.

நூறு தாண்டியதும் எனக்கு முதுகு விட்டுப்போனது.

“அக்கா, பண்ணையிலை நிண்ட ஒரு வேலைக்காரி. ஆர் இனித் தேடப்போகினம்?”

அக்கா தலை நிமிரவில்லை.

“நானும் குசினியிலை கோப்பை கழுவுறவள்தான். எனக்கெண்டால் பொன்னாடையோடை ஓடி வந்தனீர். ஒட்டும்.”

நான் ஒட்டினேன்.