மண்டிக்குப் பின்னால் நசருல்லா

சின்ன வயதிலேயே இளம்பிள்ளை வாதம் வந்து நசருல்லாவின் இடது கால் சூம்பிவிட்டது. போதாக்குறைக்கு மூச்சிழுப்பு வேறு. ஆனால் கிருஷ்ணகிரியில் அவனைப் போல மீன்பிடிப் பைத்தியம் இன்னொருத்தன் கிடையாது. கையால் சுற்றும் மூன்று சக்கர வண்டியில் தூண்டிலைக் கட்டிக்கொண்டு விடிந்ததும் ஏரிக்குக் கிளம்பிவிடுவான். அங்கே கூட்டாளி மாதப்பன் புழு தோண்டி வைத்திருப்பான். ஒரு கெண்டை சிக்கினால் போதும், இரண்டு பேரும் போடுகிற கூச்சலில் கரையில் மேய்கிற மாடெல்லாம் மிரண்டு ஓடும்.

எண்பத்தாறாம் வருஷம் மாம்பழ சீசனில் அதற்கு வந்தது கேடு. இழுப்பு கடுமையாகி ஆஸ்பத்திரியில் கிடந்தான். தூசியும் குளிர்காற்றும் ஆகாது என்றார் டாக்டர். போதாதா? மாங்காய் மண்டி வைத்திருந்த அண்ணன் ஷௌகத் அலி, வண்டியைச் சங்கிலி போட்டுப் பூட்டினார். மண்டிக்குப் பின்னால் இருந்த தம்பியின் அறை ஜன்னலையும் சாக்கு வைத்து அடைத்தார். தம்பி மேல் உயிர் அவருக்கு. அந்த உயிர்தான் அவனை உள்ளே போட்டுப் பூட்டியது.

அறைக்கு அடுத்த சுவரே கிடங்கு. அங்கே காயைக் குவித்து, காகிதத்தில் மடித்த கார்பைடு கல்லை நடுநடுவே செருகி, தார்ப்பாய் போட்டு மூடுவார்கள். இரண்டே நாளில் குவியல் மஞ்சளாகிவிடும். அழுகின பூண்டு மாதிரி ஒரு நெடி இடைக்கதவின் இடுக்கு வழியாக வந்து, போக வழியில்லாமல் அறையிலேயே தங்கும். மண்டிக்காரர்கள் மூக்குக்கு அது உறைக்காது. அவர்களுக்கு அது சீசன் வாசனை, சோறு போடுகிற வாசனை.

"அண்ணே, கல்லு நெடிதான் எனக்கு ஆவல. ஏரிக்குப் போனா நல்லாத்தான் இருக்கறன்."

"மண்டியில பொறந்தவனுக்குக் கல்லு நெடியாடா? அத்தா காலத்துல இருந்து வெக்கறோம், எவன் செத்தான்? பேசாம படு."

படுத்தான். வேறென்ன செய்வான்? செத்தாலும் பரவாயில்லை, ஏரியைப் பார்த்துவிட்டுச் சாகலாம் என்று நினைத்துக்கொண்டு படுத்தான்.

இதைப் பார்க்கப் பொறுக்காமல் அண்ணி வஜிஹா ஒரு வெள்ளிக்கிழமை, ஷௌகத் அலி ஜும்ஆவுக்குப் போன நேரம் பார்த்து மாதப்பனைக் கூப்பிட்டுச் சாவியைக் கொடுத்தாள். "அவரு வர்றதுக்குள்ள கூட்டியாந்துருங்க அண்ணா."

ஏரிக்கரையில் உட்கார்ந்ததும் நசருல்லாவின் நெஞ்சு லேசாகிவிட்டது. ஒரு மீன்கூடக் கடிக்கவில்லை. அட, மீன் யாருக்கு வேண்டும்! வாய் ஓயாமல் பேசினான், இருமலில்லாமல் சிரித்தான், நேரத்தை மறந்தே போனான்.

திரும்பி வந்து மாதப்பன் அவனைக் கட்டிலில் இறக்கிவிட்டுப் போனான். தொழுகை முடிந்து முன்னமே வந்துவிட்ட அண்ணன் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

"சாவறதுக்குன்னே போனியாடா?"

"கத்தாதண்ணே. நெஞ்சுல காது வெச்சுப் பாரு. சுத்தமா இருக்குது."

ஷௌகத் அலி குனிந்து காதை வைத்தார். சட்டென்று முகம் சிவந்தது. "உய்யு உய்யுன்னு கேக்குது! யாரை ஏமாத்தற?"

நசருல்லாவுக்கும் அந்தச் சத்தம் கேட்டது. ஐயோ, ஏரியும் போச்சா! மூச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அவன் நெஞ்சு அசையவில்லை. சத்தம் மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருந்தது.

மூச்சை விட்டான். "அண்ணே, நான் இப்ப மூச்சே விடல. அது உன்னோடது."

அவர் தலையை எடுக்கவில்லை. தம்பியின் நெஞ்சிலேயே முகத்தை வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "தெரியும்டா. போன சீசன்லயே வந்துருச்சு. உங்க அண்ணிகிட்ட சொல்லிடாத."

"நீயும் ஏரிக்கு வாண்ணே."

"நான் வந்துட்டா மண்டிய யாரு பாக்கறது?"

வாசலில் லாரி ஹாரன் அடித்தது. ஷௌகத் அலி எழுந்து ஜன்னல் சாக்கைப் பிடுங்கி எறிந்தார். "நாளைல இருந்து நீ போடா" என்று சொல்லிவிட்டு, கிடங்குக்குள் போய் இடைக்கதவைத் தன் பக்கம் இறுக்கிச் சாத்திக்கொண்டார்.