பயில்வான் பேரன்

ராயப்பேட்டையில் மூன்றாவது மாடியில் குடியிருக்கும் இனாயத்துக்கு வயது முப்பத்திரண்டு. ஈக்காட்டுத்தாங்கலில் லேத் பட்டறை வேலை. எட்டு வருடமாக ஜிம்முக்குப் போகிறான். மழையோ காய்ச்சலோ, ஒரு நாள் விட்டதில்லை. வெள்ளைக்கருவை மட்டும் தின்று தின்று, மஞ்சள் கரு என்ன ருசி என்றே மறந்துபோனவன். அப்படியும் சட்டை போட்டால் ஹேங்கரில் மாட்டியது போலத்தான் இருப்பான்.

தம்பி ரெஹான் இருக்கிறானே, அவன் பதினொரு மணிக்குத்தான் கண் விழிப்பான். பாயா இல்லாமல் பரோட்டாவைத் தொடமாட்டான். தோளோ வாசலை அடைக்கும் அகலம். பிறக்கும்போதே நாலரைக் கிலோ. "எங்க அப்பா உடம்பு இவனுக்கு வந்துக்கீது" என்று அன்றே தீர்ப்பு சொல்லிவிட்டாள் அம்மா அஃப்சருன்னிசா. அவளுடைய அப்பா அப்துல் கரீம் பயில்வான், கர்லாக்கட்டையும் கையுமாக ஹால் சுவரில் போட்டோவில் நிற்கிறார். எட்டாம் மாதமே பிறந்த இனாயத் யார் ஜாடை என்று ஒருவரும் ஆராயவில்லை.

அதனால் கேஸ் சிலிண்டர் வந்தால் "ரெஹான்" என்றுதான் குரல் போகும். பீரோ நகர்த்தவும் ரெஹான்தான். அவன் முனகிக்கொண்டே வந்து மேலே ஒரு கை வைப்பான். அடியில் முழு பாரத்தையும் தாங்குவது இனாயத். ஒரு நாளாவது அம்மா தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட மாட்டாளா என்று அவனுக்கு ஏக்கம். வாய்விட்டுக் கேட்கவா முடியும்?

அம்மாவின் தங்கை மகளுக்கு நிக்காஹ். அன்று காலை பார்த்து லிஃப்ட் படுத்துவிட்டது. அம்மாவுக்கு முட்டி வீங்கி ஒரு படிகூட இறங்க முடியாது. ஆள் எண்பத்திரண்டு கிலோ, அதற்கு மேல் ஜரிகைப் புடவை.

"ரெஹான், உப்பு மூட்டை தூக்குடா நைனா."

தூக்கினான். ஆறு படி இறங்கினான். ஏழாவதில் கால் வெடவெடக்க, அம்மாவைச் சுவரோரம் இறக்கி வைத்துவிட்டுத் தானும் உட்கார்ந்துவிட்டான்.

"அம்மி, நான் தூக்கறேன்" என்றான் இனாயத்.

"வாணாம்டா. நீ முறிஞ்சி கிறிஞ்சி பூட்டா, நான் கல்யாணத்துக்குப் போவேனா, ஆஸ்பத்திரிக்குப் போவேனா?"

அவன் குனிந்து அம்மாவை முதுகில் ஏற்றிக்கொண்டான். முதுகை நிமிர்த்தி, முட்டியை மடக்கி, ஜிம்மில் ஆயிரம் முறை உட்கார்ந்து எழுந்த அதே வாக்கில் அம்மாவோடு எழுந்தான். எங்கும் நிற்காமல் தெருவரை வந்து, ஆட்டோவில் பூப்போல உட்கார வைத்தான்.

அம்மா அவன் தோளைக் கத்திரிக்காய் பொறுக்குவது போல அமுக்கிப் பார்த்தாள். "இன்னாடா இது, கல்லு மாரி கீது?"

எட்டு வருடக் கதையைச் சொல்ல இனாயத் வாயைத் திறந்தான்.

"எங்க அப்பா தோளுடா இது. அப்டியே ஒனக்குத்தான் வந்துக்கீது. இத்தினி நாளா நான் கவனிக்கவே இல்ல பாரேன்."

பாவம், அவனுக்குக் கோபம் கோபமாக வந்தது. அவன் சிந்திய வியர்வையை எல்லாம், அவன் கண்ணால்கூடப் பார்க்காத தாத்தா நோகாமல் தட்டிக்கொண்டு போய்விட்டார். கூடவே கண்ணும் கலங்கியது. சந்தோஷம்தான், வேறென்ன.

"ஆமா அம்மி" என்றான்.

மறுநாள் அவன் பாதி ஷேவிங்கில் இருந்தபோது சிலிண்டர் வந்தது.

"இனாயத்" என்று கூப்பிட்டாள் அம்மா. முகத்து நுரையோடு ஓடினான். ரெஹான் மறுபக்கம் புரண்டு படுத்தான்.