குகை வண்டி வேடிக்கையும் இரண்டு பூக்களும்

முற்பகல் பதினொன்றரை மணிக்கு மோகனூரில் நாமக்கல் பஸ் ஏறினோம், நானும் என் மனைவி சரஸ்வதியும். ஆடி மாதத்தில் சேலம் போகிறவர்கள், அங்கே குகை என்னும் பகுதியில் நடக்கும் வண்டி வேடிக்கையைப் பார்க்காமல் திரும்பக் கூடாது என்பார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு முறை நான் போய்ப் பார்த்தேன். நிம்மதியாகப் பார்த்தேன் என்று மட்டும் சொல்ல மாட்டேன். பஸ் கிளம்புவதற்கு முன்பே இறங்குமிடம் தவறிவிடுமோ என்று கவலைப்படுகிறவன் நான். அன்றைக்குக் கவலைப்பட உண்மையான காரணமும் கையில் இருந்தது.

என் மச்சினன் முருகேசன், சரஸ்வதிக்கு ஒரே தம்பி, சேலத்தில் லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். அந்த வருடம் பட்டறைக்காரர்கள் திருவிழாவுக்கு ஒரு வண்டி கட்டுகிறார்கள், அதில் முருகேசன்தான் அம்மன் வேஷம் என்று முந்தின நாள்தான் எங்களுக்குச் சேதி வந்தது. லாரிக்கு மேலே கம்பி நட்டு, அதன் உச்சியில் ஆளை நிறுத்தி, அசையாமல் ஊர்வலம் கொண்டுபோவார்கள். காலையிலிருந்து விரதம் வேறு. சித்திரையில் மஞ்சள் காமாலை வந்து, கண்ணும் நகமும் மஞ்சளாகி, ஒரு மாதம் கீழாநெல்லியும் மோருமாகக் கிடந்து எழுந்தவன் அவன்.

பஸ் நிறுத்தம் வரைக்கும் மாமியார் கூடவே வந்தார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "மாப்பிள்ள, நீங்க வேடிக்கை பாத்துட்டு நின்னுராதீங்க. வேஷங் கட்டறதுக்குள்ள போயி அவனக் கூட்டிட்டு வந்துருங்க" என்றார்.

"அதுக்குத்தானுங்க அத்தை போறோம்."

"முன்னயே தெரிஞ்சிருந்தா பூவாச்சும் கேட்டிருப்பேன்" என்றார்.

எங்கள் பக்கத்தில் எதற்கும் அம்மனிடம் பூக்கேட்பது உண்டு. சிலையின் இரண்டு பக்கமும் பூவை வைத்துவிட்டு, மனதிலிருப்பதைச் சொல்லிக் காத்திருக்க வேண்டும். அம்மனின் வலப்பக்கத்துப் பூ விழுந்தால் நல்லது, இடப்பக்கத்துப் பூ விழுந்தால் ஆகாது. விதை விடுவது, கிணறு வெட்டுவது, பெண் எடுப்பது எல்லாம் இப்படித்தான். எனக்குச் சரஸ்வதியைக் கொடுத்ததுகூட வலப்பக்கத்துப் பூதான். அன்று அது தாமதமாக விழுந்ததென்று மாமியார் இன்றும் சொல்லிக் காட்டுவார்.

மோகனூரிலிருந்து நாமக்கல் பதினெட்டு கிலோமீட்டர். அங்கே திருவிழாக் கூட்டத்தில் இரண்டு பஸ்களை விட்டுவிட்டு மூன்றாவதில்தான் ஏற முடிந்தது. சேலம் ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல், டிக்கெட் நான்கு ரூபாய்க்குள். புதுச்சத்திரம் தாண்டும்வரை வண்டி நன்றாகத்தான் ஓடியது. ஆண்டகளூர் கேட் அருகே பின்சக்கரம் பஞ்சராகி உட்கார்ந்துவிட்டது. மாற்றுச் சக்கரத்தை இறக்கிப் பார்த்தால் அதிலும் காற்றில்லை. சரஸ்வதி புளியமரத்தடியில் அமைதியாக உட்கார்ந்திருந்தாள். நான்தான் கண்டக்டரைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

"குகையில எத்தனை மணிக்கு எறக்கி விடுவீங்க?"

"இன்னைக்குக் குகைக்குள்ள பஸ்ஸே போகாதுங்க. தாதகாப்பட்டியில எறங்கி நடந்துக்கோங்க. எல்லாருந்தான் அங்க போறாங்க, நீங்க மட்டும் ஏனுங்க இப்படித் தவிக்கறீங்க?"

மல்லூர், பனமரத்துப்பட்டிப் பிரிவு எல்லாம் தாண்டி, தாதகாப்பட்டியில் கால் வைத்தபோது மணி நாலேகால். பம்பைச் சத்தம் அங்கேயே கேட்டது. மஞ்சள் சேலைக்காரப் பெண்களும் வேப்பிலைக் கொத்துகளும் ரோடு முழுக்க. வழியெல்லாம் தட்டுவடைக்கு நடுவில் கேரட்டும் பீட்ரூட்டும் சட்னியும் வைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். சேலத்துக்கு வந்தால் அதைத் தின்னாமல் போகாதவன் அன்று ஏறிட்டும் பார்க்கவில்லை.

பட்டறைக்குப் பின்னால் லாரி நின்றது. மேஸ்திரி காளியண்ணன் இரண்டு கைகளையும் விரித்து எங்களை வழிமறித்தார்.

"சூடங் காட்டியாச்சுங்க. இனிமே அது முருகேசன் இல்லீங்க. பேரச் சொல்லிக் கூப்பிட்டுறாதீங்க."

அந்த வண்டிக்காரர்களின் வழக்கம் அது. வேஷம் கட்டி முடித்ததும் சூடம் காட்டுவார்கள். ஊர்வலம் முடிந்து மறுபடி சூடம் காட்டும்வரை அவன் அம்மன். பேசக் கூடாது, தலையாட்டக் கூடாது, கண்ஜாடைகூட ஆகாது. பெற்றவளே வந்தாலும் "தாயே" என்றுதான் கும்பிட வேண்டும்.

நிமிர்ந்து பார்த்தேன். தகரத்தில் செய்த சிங்கத்துக்கு மேலே, தரையிலிருந்து இரண்டு ஆள் உயரத்தில், அந்தரத்தில் நிற்பது போல அம்மன் நின்றாள். பாதம் வைக்கச் சிறு தகடு, இடுப்பைக் கம்பியோடு சேர்த்துக் கட்டிய பெல்ட், எல்லாம் சேலைக்குள் மறைந்திருந்தன. அந்தக் கம்பியைப் பற்றவைத்தவனும் முருகேசன்தான். ஒரு கையில் சூலம், இன்னொரு கை ஆசி வழங்க உயர்ந்திருந்தது. இரண்டு தோளிலும் செவ்வரளிச் சரம். முகம், கழுத்து, கையெல்லாம் மஞ்சள் பூசியிருந்தார்கள். காமாலை திரும்பி வந்திருந்தால்கூடக் கண்டுபிடிக்க முடியாதபடி அப்படி ஒரு மஞ்சள். கண்ணைப் பார்க்கலாமென்றால் மை தீட்டி, பாதி மூடி, எங்கோ தூரத்தில் நிறுத்தியிருந்தான்.

சரஸ்வதி அதுவரை பதறவில்லை. அந்த முகத்தைப் பார்த்ததும் என் கையை இறுகப் பற்றிக்கொண்டாள். "ஏனுங்க, அவனப் பாத்தா தம்பி மாதிரியே இல்லீங்க" என்றாள்.

போகாதவர்களுக்காக ஊர்வலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாட்டுவண்டிகளுக்குப் பதிலாக லாரிகள் வரத்தொடங்கியிருந்த காலம் அது. முதலில் ராமர் பட்டாபிஷேகம், ஒரு மாட்டுவண்டிக்குள் எப்படித்தான் அத்தனை பேரும் அடங்கினார்களோ. அடுத்து காளிங்கன் தலைமேல் கண்ணன்; அந்தப் பாம்பின் வாய் ஜெனரேட்டர் புண்ணியத்தில் திறந்து மூடியது. சிவன் தலையிலிருந்து உண்மையாகவே தண்ணீர் கொட்டியது. நடுநடுவே நையாண்டி மேளமும் கரகமும். பார்க்கிறவர்கள் மாடிகளிலும் மதில்களிலும் தொற்றிக்கொண்டிருந்தார்கள். தெரு திரும்பும் முனையில் நின்றால் ஒவ்வொரு வண்டியையும் இரண்டு பக்கமும் பார்க்கலாம். நான் நின்று பார்க்கவில்லை. ஒரே லாரியின் பக்கவாட்டைப் பிடித்துக்கொண்டு, கழுத்து வலிக்க அண்ணாந்தபடி நடந்தேன். ஒவ்வொரு பள்ளத்திலும் லாரி குலுங்கும்போது என் கண் அந்தக் கம்பிக்குப் போகும். அவன் இமைக்கிறானா என்று பார்ப்பேன். இமைத்தால் அசந்துவிட்டானோ என்று பயம், இமைக்காவிட்டால் மயங்கிவிட்டானோ என்று பயம்.

அந்திக் கருக்கலில் லாரி ஒரு முனையில் நின்றது. தேங்காய் பழத் தட்டு கொடுக்கிறவர்கள் அங்கே வரிசையாக வருவார்கள். திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் சரஸ்வதியைக் காணோம். தட்டும் கையுமாக லாரியின் முன்பக்கத்தில் நின்றிருந்தாள். காளியண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் அவரைப் பார்க்கவேயில்லை.

"தாயே" என்று உரக்கச் சொன்னாள். "எனக்கு ஒரே தம்பி. காமாலை வந்து இப்பத்தான் எந்திரிச்சான். அவன் ஒடம்பு தாங்குமா தாங்காதான்னு தெரியாம எங்கம்மா அங்க சோறு திங்காமக் கெடக்கறா. நல்லா இருக்கான்னா வலப்பக்கம் பூக் குடு தாயே. இல்லேன்னா எடப்பக்கம் குடு. உன்ற உத்தரவுப்படி நடந்துக்கறேன்."

எனக்கு அவள் தந்திரம் புரிந்தது. முருகேசனோடு பேசக் கூடாது, அம்மனிடம் பூக்கேட்கலாமே. தோளை ஒரு நூல் அசைத்தால் போதும், அவனே பதில் சொல்லிவிடலாம். பம்பைக்காரர்கள் அடிப்பதை நிறுத்தினார்கள். நான் மூச்சை நிறுத்தினேன். சற்று நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு அம்மனின் வலத்தோளிலிருந்து ஓர் அரளிப்பூ கழன்று, சூலத்தில் பட்டு, நேராகக் கீழே வந்தது. கூட்டம் குலவையிட்டது. சரஸ்வதி பூவை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அன்று முழுக்க எனக்குக் கிடைத்த ஒரே நல்ல மூச்சு அதுதான்.

அதோடு போயிருந்தால் இந்தக் கட்டுரையை வேறு மாதிரி எழுதியிருப்பேன். குலவை அடங்குவதற்குள் ஓர் அம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே வந்துவிட்டார். ஐம்பது வயதிருக்கும், கையில் தட்டுகூட இல்லை.

"தாயே, என்ற மவன் ரிக் வண்டியில வடக்க போனவன். மழைக்காலத்துக்கு எல்லா வண்டியும் ஊடு திரும்பிருச்சு. அவன் போன வண்டி வரல, கடுதாசியும் வரல. நல்லா இருக்கானான்னு மட்டும் சொல்லு தாயே. வேற ஒண்ணும் கேக்கல."

சரஸ்வதியின் சிரிப்பு அப்படியே நின்றது. எங்கோ மகாராஷ்டிரத்தில் ஆழ்துளைக் கிணறு போடுகிறவனைப் பற்றி முருகேசனுக்கு என்ன தெரியும்? அவன் எப்படிப் பதில் சொல்வான்? பூ எதுவும் விழவில்லை. அம்மாள் கும்பிட்ட கையை இறக்கவுமில்லை. பின்னாலிருந்த வண்டிக்காரர்கள் ஹாரன் அடிக்கத் தொடங்கினார்கள். காளியண்ணன் டிரைவருக்குச் சைகை காட்டினார். இஞ்சின் உறுமியதும் லாரி ஒரு குலுக்குக் குலுங்கியது. ஒரே ஒரு பூ விழுந்தது. அது இடத்தோளிலிருந்து விழுந்தது. நான் கண்ணால் பார்த்தேன்.

அம்மாள் கும்பிட்டபடி கண்ணை மூடியிருந்தார். திறந்து, காலடியில் கிடந்த பூவைப் பார்த்து, "எந்தப் பக்கமுங்க?" என்று கேட்டார்.

"வலப்பக்கந்தானுங்க அம்மா" என்றாள் சரஸ்வதி. "நான் பாத்துட்டே இருந்தேன்."

அந்த அம்மாள் பூவை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு, சரஸ்வதியின் கன்னத்தைத் தொட்டு, "மகராசியா இரு சாமி" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் போனார். எங்கே இருக்கிறவர் என்று கேட்கத் தோன்றவில்லை. லாரி நகர்ந்தது.

"ஏன் அப்படிச் சொன்ன?" என்றேன்.

"லாரி குலுங்கி விழுந்த பூதானுங்களே. அதுக்குப் போயி ஒரு பெத்தவ அழுவோணுமா?"

அவள் சொன்னது எனக்கும் சரியென்றே பட்டது. முதல் பூ தம்பி போட்டது, இரண்டாவது லாரி போட்டது.

பட்டறைக்குத் திரும்பி, சூடம் காட்டி, பெல்ட்டை அவிழ்த்து, நாலு பேராகச் சேர்ந்து அவனை இறக்கினார்கள். ஒரு சொம்பு மோரைக் குடித்த பிறகுதான் முருகேசனுக்குப் பேச்சு வந்தது. சரஸ்வதி அவன் கண்ணிமையை இழுத்துப் பார்த்தாள். கண் வெள்ளையாகத்தான் இருந்தது.

"அக்கா, நீ எப்ப வந்த? மாமா, நீங்களும் வந்தீங்களா?"

"எப்ப வந்தனா? எதுக்க நின்னு பூக் கேட்டனே. நீதான வலப்பக்கம் பூப் போட்ட."

அவன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "நான் எந்தப் பூவும் போடலீங்க அக்கா. ரெண்டு கையும் தோளும் கெளம்புன கொஞ்ச நேரத்துலயே மரத்துப் போச்சு. இருக்குதா இல்லியான்னே தெரியல. யாரு என்ன கேட்டாங்கன்னும் காதுல உழுகல. பம்பைச் சத்தம் மட்டும் கேட்டுட்டே இருந்துச்சு."

காளியண்ணன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பாத்தீங்களா, அம்மனே பூக் குடுத்திருக்கறா. இதுக்கு மேல என்னங்க வேணும்?" என்றார். முருகேசனும் மஞ்சள் கலைந்த முகத்தோடு சிரித்தான். சரஸ்வதி சிரிக்கவில்லை. முந்தானையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போய், தெருவின் இரண்டு பக்கமும் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். திருவிழாக் கூட்டத்தில் அந்த அம்மாளின் முகத்தை எங்கே தேடுவது? தேடிக் கண்டுபிடித்தாலும் அவரிடம் என்னவென்று சொல்வது?

மறுநாள் காலை திரும்பினோம். பஸ் நல்ல பஸ், உட்கார இடமும் கிடைத்தது. ராசிபுரம் பக்கம் தாண்டும்போது எதிரே ஒரு ரிக் வண்டி வந்தது, குழாய்களை முதுகில் படுக்கவைத்துக்கொண்டு, செம்மண் அப்பி. சரஸ்வதி என்மேல் சாய்ந்து ஜன்னல் வழியாக அந்தக் கேபினுக்குள் எட்டிப் பார்த்தாள். அந்தப் பையன் கறுப்பா சிவப்பா என்றுகூட எங்களுக்குத் தெரியாது. இருந்தும் நாமக்கல் வருவதற்குள் எதிர்ப்பட்ட எல்லா ரிக் வண்டியையும் அவள் அப்படிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். எத்தனையோ ஊர்த் திருவிழாவுக்குப் போய் வந்திருக்கிறேன். ஊரைவிட்டுக் கிளம்பிய பிறகும் ஆள் தேடவைத்த திருவிழா அது ஒன்றுதான்.

மோகனூரில் மாமியார் பஸ் நிறுத்தத்திலேயே காத்திருந்தார். பஸ்ஸிலிருந்து மகன் இறங்காததைப் பார்த்து, "கூட்டியாரலியா?" என்றார்.

"வேஷங் கட்டி முடிச்சுட்டாங்கம்மா. நல்லா இருக்கறான், பத்து நாள்ல வாரேன்னு சொன்னான்" என்றாள் சரஸ்வதி. பிறகு தயங்கித் தயங்கி, "அம்மங்கிட்டப் பூக் கேட்டேன். வலப்பக்கம் உழுந்துச்சு" என்றாள்.

மாமியார் சேலம் இருக்கும் வடக்குத் திசையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். எங்கள் பையை வாங்கிக்கொண்டு நாலடி நடந்தவர், மகள் கூட வராததைக் கண்டு திரும்பினார்.

"அதான் நல்ல வாக்கு வந்துருச்சே கண்ணு. அப்பறமும் மூஞ்சிய ஏன் இப்படி வெச்சிருக்கற?"