எட்டடி ஆழத்தில் ஒரு கோச்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு ஜூலை மாத மாலை. செங்கல்பட்டில் நான் வேலை பார்க்கும் பள்ளியின் நீச்சல் குளத்தில் நடந்தது இது.

நான் முதலில் இன்ஜினீயர். கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் பதினோரு வருடங்கள் இருந்துவிட்டு, மனசு கேட்காமல் இயற்பியல் ஆசிரியரானேன். நீச்சல் பயிற்சியாளர் திடீரென்று விலகியபோது, "போட்டி முடியும் வரைக்கும் பார்த்துக்கோங்க" என்று குளத்தை என்னிடம் ஒப்படைத்தார்கள். செல்போனில் படம் பிடித்து, கை எந்தக் கோணத்தில் தண்ணீருக்குள் போகிறது, கால் எங்கே வேகத்தைக் கெடுக்கிறது என்று பிள்ளைகளுக்குக் காட்டினேன். பதக்கங்கள் வரத் தொடங்கின. ஊரே 'கோச் சார்' என்றது. எனக்கு நீச்சல் தெரியாது என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

அன்று லைஃப்கார்டு குளத்துத் தண்ணீர் மோட்டாரை நிறுத்தப் போயிருந்தார். எட்டடி ஆழத்தில் நீந்திக்கொண்டிருந்த பிளஸ் ஒன் மாணவி சட்டென்று கை கால் அசைப்பதை நிறுத்தினாள். தலை உள்ளே போனது. நான் குதித்துவிட்டேன்.

உள்ளே சத்தமே இல்லை. எங்கும் பச்சை வெளிச்சம். கழுத்தில் தொங்கிய ஸ்டாப்வாட்ச் முகத்துக்கு முன்னால் மெதுவாக மிதந்தது. அதில் எண்கள் ஓடிக்கொண்டே இருந்தன. மிதப்பு விசையைப் பற்றி மணிக்கணக்கில் பேசத் தெரிந்த எனக்கு, கையை என்ன செய்வது என்று தெரியவில்லை. விநோதம், பயம்கூட வரவில்லை. மேலே சூரியன் உடைந்து உடைந்து ஆடுவதைப் பார்த்தபடியே கீழே போனேன்.

என் தாடையை ஒரு கை பிடித்தது.

கரையில் இருமி முடித்துக் கண் திறந்தால், எதிரே அதே பெண், மூச்சு வாங்க.

"இன்னா சார் இது! நீஞ்சத் தெரியாதா உங்களுக்கு?"

"தெரியாதும்மா."

"அப்புறம் இன்னாத்துக்கு குதிச்சீங்க?"

"நீ முழுகிட்டேன்னு..."

"கால் புடிச்சிக்கிச்சு சார். மல்லாந்து படுத்துக்கினா சரியாப் பூடும். நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க!"

சொல்லும்போதே அழுதுவிட்டாள். சுற்றி நின்ற பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை. எனக்குத்தான் தலை நிமிரவில்லை.

மறுநாள் காலை தலைமை ஆசிரியரிடம் போய் உண்மையைச் சொன்னேன். "நீச்சல் கத்துக்கிட்டு வாங்க. அதுவரைக்கும் லைஃப்கார்டு குளத்தை விட்டு நகரக் கூடாது" என்றார், கடுமையாகவே.

கற்றுக்கொடுத்தது என் அணிதான். இரண்டு மாணவர்கள் முதுகைத் தாங்கிக்கொள்ள, அந்தப் பெண் கரையில் நின்று அதட்டுவாள்: "கழுத்த வுடுங்க சார். தண்ணி தாங்கும், வுடுங்க!" ஒன்பதாவது நாள் காதுக்குள் தண்ணீர் நிறைந்து, உலகம் தூரமாய்ப் போய், வானம் மட்டும் மிச்சமிருந்தது. முதுகுக்கடியில் கைகள் இல்லை என்பது எனக்குத் தெரியவே இல்லை.

இப்போது ஞாயிறு விடியலில் திருவிடந்தைக் கடலில், மீனவரான அந்தப் பெண்ணின் அப்பா படகில் காவலிருக்க, அலை தூக்கித் தூக்கி இறக்க மல்லாந்து கிடப்பேன். அத்தனை பிள்ளைகள் முன்னால் 'தெரியாதும்மா' என்று சொன்ன அந்த நொடியில் இறங்கிய பாரம்தான் இப்படி லேசாக மிதக்க வைக்கிறது என்று அப்போதெல்லாம் தோன்றும்.