ஓடைவாயில் ஏழு கல்

என் மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், சாமி கும்பிட்டு யாரும் பார்த்ததில்லை. நோன்பி நாளில்கூட ஆற்றங்கரையில் வலையோடுதான் இருப்பார். அப்படிப்பட்டவர் ஒரு நாள் காலையில் நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் ஊர் என்ன நினைக்கும்?

மலையாளம் கலந்து பேசும் சித்தூர்ப் பக்கம் எங்கள் ஊரில், ஆற்றிலிருந்து பிரிந்து, தோட்டங்களைச் சுற்றிக்கொண்டு மறுபடி ஆற்றிலேயே சேரும் பழைய ஓடை ஒன்று மண்மூடிக் கிடந்தது. அம்மாவும் அவளோடு தொழிலுறப்பு என்னும் நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களும் பங்குனி வெயிலில் அதை வெட்டித் திறந்தார்கள். முதல் மழைக்குச் சினைமீன் இதில் ஏறி முட்டையிட்டால் ஓடை தானாக உயிர் பிடித்துக்கொள்ளும் என்பது அம்மாவின் நம்பிக்கை. "மீன் வருமாம், மீனு!" என்று அப்பா நக்கலடித்தார். வராதோ என்பதல்ல அம்மாவின் பயம். வந்தால் ஊரே திரண்டு ஓடைவாயிலேயே வழித்துக்கொண்டு போய்விடுமே என்பதுதான். ஏறுமீன் பிடிப்பது எங்கள் பக்கம் இன்னொரு தீபாவளி. மாமாவிடம் கெஞ்சிப் பார்த்தாள். "ஏறுற மீனை என்னைய வேடிக்கை பாக்கச் சொல்றயா அம்மிணி?" என்று சிரித்துவிட்டுப் போனார். அம்மா அழுததை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

வைகாசி நடுவில் எடவப்பாதி மழை கொட்டித் தீர்த்தது. விடிந்ததும் ஆளாளுக்குக் கூடையோடு கிளம்பினார்கள். வலை இல்லாதவர்கள் கொசுவலையை உருவிக்கொண்டு வந்தார்கள். அம்மா எல்லோருக்கும் முன்னால் ஓடினாள், சண்டைக்குத்தான்.

ஓடைவாயில் ஏழு கல். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, வேப்பிலை செருகியிருந்தது. பக்கத்தில் நனைந்த கோழி மாதிரி மாமா.

"கன்னிமாருங்க. விடியால வந்து இங்கயே உக்காந்துட்டாங்க. இனி இந்தத் தண்ணியில கூடை வெக்கறவங்க அவங்களையே கேட்டுக்குங்க."

"ஏனுங்க, உங்களுக்கா காட்சி குடுத்தாங்க?" என்று ஒருவர் இழுத்தார். அதற்குள் கூடையோடு வந்த ஒரு அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டாள். அப்புறம் யார் இறங்குவது?

அப்போதுதான் தண்ணீர் நெளிந்தது. கெண்டையும் கெளுத்தியும் விராலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுந்து, அம்மா வெட்டிய ஓடைக்குள் போயின. எங்கள் ஊர் மீனைச் சும்மா நின்று பார்த்தது அன்றைக்குத்தான். அப்பாதான் எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டினார். ஆடி பிறப்பதற்குள் ஓடையெங்கும் பொடிமீன். அதைத் தேடி நாரை, நீர்க்காகம், அப்புறம் குட்டிகளோடு ஒரு நீர்நாய். அம்மாவின் நடையே மாறிப்போயிற்று.

அதெல்லாம் பிறகு. அன்று மதியம் அம்மா தன் அண்ணனுக்குக் கோழிக்குழம்பு வைத்தாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவரிடம், கன்னிமார் எப்படி இருந்தார்கள் என்று கேட்டேன். பட்டுச்சேலை, நகைநட்டு எல்லாம் சொல்வார் என்று காத்திருந்தேன்.

"தலையில துண்டு, கையில மம்பட்டி, முட்டி வரைக்கும் சேறு கண்ணு. வெயில்ல நல்லாக் கறுத்துப் போயிருந்தாங்க" என்றார்.

அம்மா சட்டென்று எழுந்து உள்ளே போய்விட்டாள். குழம்பு எடுக்கத்தான் போகிறாள் என்று நினைத்தேன். சாமிக்கு ஒரு நல்ல சேலைகூட இல்லையே என்றுதான் எனக்கு ரொம்ப நாள் வருத்தம்.