மலையூருக்குப் போன மல்லாட்டை மூட்டை

என் தங்கையைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்து வர நான் கிளம்பியபோது திண்டிவனத்தில் மழை பிடித்துக்கொண்டிருந்தது. கிளியனூர் பக்கம் எங்கள் நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பாதி பிடுங்கியும் பாதி பிடுங்காமலும் கிடந்தது. ஈரம் தங்கினால் செடியிலேயே முளைத்துவிடும். அந்த நேரம் பார்த்தா வடக்கே ஏதோ ஒரு மலையூருக்குப் பயணம் வரவேண்டும்? எரிச்சலாக இருந்தது. அப்பா இல்லாத வீட்டில் அண்ணன்காரன்தான் போயாக வேண்டும். அது எண்பதுகளின் நடுவில் ஓர் ஐப்பசி.

மாப்பிள்ளைக்கு விழுப்புரத்தை ஒட்டி திருவாமாத்தூர். பட்டாளத்தில் இருந்தார். அந்த மலையூரில் ஓர் அறை எடுத்துத் தங்கையை வைத்துவிட்டு, அவர் இன்னும் மேலே எல்லைக் காவலில் இருந்தார்.

அம்மா இரண்டு சாமான் கட்டிக் கொடுத்தாள். ஒன்று ஜாடி நிறையப் புளிக்காய்ச்சல். பிள்ளைத்தாச்சியை அழைக்கப் போகும்போது பிறந்த வீட்டிலிருந்து கட்டுச்சோறு கொண்டுபோவது எங்கள் வழக்கம். சோறு அவ்வளவு தூரம் ரயிலில் தாங்காது. அங்கே போய் வடித்துக் கிளறிக்கொள்ள வேண்டியதுதான்.

"இந்தச் சோத்தத் தின்ன கையோட கெளம்பிடணும். அப்புறம் அந்த வூட்டுல ராத்தங்கக் கூடாது, ஆமா" என்றாள்.

இன்னொன்று, தோலோடு வறுத்த மல்லாட்டை, ஒரு மூட்டை. எதற்கு என்று கேட்டால், "வெறுங்கையோடயா போவ?" என்றாள். எழும்பூரிலிருந்து சென்ட்ரலுக்கு, டெல்லியில் ரயிலடியிலிருந்து பஸ்ஸுக்கு, மலை பஸ்ஸின் கூரைக்கு என்று அதைச் சுமந்த வழியெல்லாம் அம்மாவைத் திட்டிக்கொண்டே போனேன். போய் இறங்கினால் அந்த ஊர்க் கடைத்தெருவிலேயே ஒருவன் மல்லாட்டை வறுத்துக்கொண்டிருக்கிறான்!

ஊர் என்று சொல்ல ஒரே தெரு. கீழே ஆறு இரைந்துகொண்டே இருந்தது. மரங்களெல்லாம் பழுத்த மஞ்சளாகி, காற்று அடிக்கும்போதெல்லாம் இலைகள் கொட்டின. கீழே இறங்க ஒரு கணவாயைத் தாண்டியாக வேண்டும். அதில் பனி விழுந்துவிட்டால் அடுத்த கோடை வரை பஸ் கிடையாது. வீட்டுக்காரம்மா தன் முழங்காலைத் தொட்டு, பிறகு இடுப்பைத் தொட்டு, பனி எவ்வளவு கொட்டும் என்று காட்டினாள். நேரே தங்கையிடம் போனேன்.

"கெளம்பு பாப்பா, நாளைக்கே போயிடலாம்" என்றேன்.

"நாளைக்கா? துணியெல்லாம் ஈரமா கீதுண்ணா" என்றாள்.

மறுநாள் தலைவலி என்றாள். அதற்கு மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜாடியை அலமாரியில் வைத்தவள் அதன் வாயில் கட்டியிருந்த துணியைக்கூட அவிழ்க்கவில்லை. கஞ்சியும் ரொட்டியுமாகவே போட்டாள். நான் மாப்பிள்ளையின் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு கடைத்தெருவுக்கும் வீட்டுக்குமாகக் குட்டி போட்ட பூனையாக அலைந்தேன். கணவாய்ப் பக்கம் மேகம் கறுத்தால் இங்கே பனி, கிளியனூரில் மழை என்று இரண்டும் சேர்ந்து மனசைப் பிடுங்கின.

கடைசியில் கத்தியே விட்டேன். "ஒரே பேஜாரா போச்சு உன்னோட! அங்க மல்லாட்டை மொளச்சிகினு கெடக்கும். நீ என்னத்துக்கு ஒக்காந்துகினு கீற?"

அவள் ஜன்னல் வழியே மேலே போகும் பாதையைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "வைகாசியில மேல போனவருண்ணா. நான் உண்டான சேதி கூட லெட்டர்லதான் தெரியும் அவருக்கு. இந்த வாரம் எறங்குவாருன்னு சொல்றாங்க. வயிறும் புள்ளையுமா என்ன ஒரு தடவ பாத்துட்டாருன்னா போதும். அப்புறம் நீ எங்க கூப்ட்டாலும் வர்றேன்."

மேலே போகும் பாதையை அன்று நானும் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு லாரியும் இறங்கவில்லை.

அன்று சாயங்காலமே, நாளைக்குப் போவதுதான் கடைசி பஸ் என்று ஊரெல்லாம் பேச்சு. காலையில் புளிவாசனை மூக்கில் ஏறித்தான் எழுந்தேன். தங்கை சோறு வடித்துக் கிளறி, ஒரு தட்டில் போட்டுக்கொண்டு, வாசலைப் பார்த்தபடி தின்றுகொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது. மிச்சச் சோற்றை மாப்பிள்ளைக்கென்று ஒரு தூக்கில் போட்டு மூடி, சாவியோடு வீட்டுக்காரம்மாவிடம் கொடுத்தாள்.

"போலாம்ணா."

அவ்வளவு நாள் நான் கேட்கத் துடித்த வார்த்தை. கேட்டபோது துளிகூடச் சந்தோஷமில்லை.

பஸ் நின்ற இடத்தில் டிரைவரும் கண்டக்டரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். தங்கையை உள்ளே உட்காரவைத்துவிட்டு மூட்டையோடு நான் படியில் கால் வைத்தேன். அப்போதுதான் மேல்பாதையில் பட்டாளத்து லாரி ஒன்று இறங்கி வந்தது. நிற்பதற்குள் பின்னாலிருந்து ஒருவர் குதித்தார். முகமெல்லாம் தாடி. எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது. நான் கைகொடுப்பதற்குள் இறங்கிப் போய்விட்டாள்.

இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் தொடவில்லை. எதிரெதிரே நின்றார்கள். அவள் போர்த்தியிருந்த சால்வையை இரண்டு கையாலும் விலக்கிக் காட்டினாள். மாப்பிள்ளை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார்.

டிரைவர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். நான் அறிந்த இந்தியெல்லாம் எங்கள் ஊரிலும் புழங்குகிற 'ஜல்தி' ஒன்றுதான். அதை இங்கே வந்த நாளிலிருந்து எல்லாரிடமும் சொல்லித் தீர்த்திருந்தேன். இப்போது என்ன சொல்லி இந்த மனுஷனை உட்காரவைப்பது?

மூட்டையை அவர் எதிரே இறக்கி, பல்லால் கடித்து முடிச்சை அவிழ்த்தேன். இரண்டு கையாலும் மல்லாட்டையை அள்ளி பெஞ்சின் மேல் கொட்டினேன். டிரைவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஒன்றை எடுத்து உடைத்து வாயில் போட்டார். தலையாட்டிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார். கண்டக்டரும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். தோலை உடைத்து, பருப்பை எடுத்து, உள்தோலையும் தேய்த்து ஊதி ஊதித் தின்றார்கள்.

அவர்கள் முன்னால் இருந்தது குறையக் குறைய, நான் அள்ளி அள்ளி வைத்துக்கொண்டே இருந்தேன். மூட்டையில் இன்னும் பாதி இருந்தது.