இசைத்தட்டில் இல்லாத உறுமி

புக்கிட் ரம்பாயில் ஹரிதாஸைத் தெரியாதவர்கள் இல்லை. தெரியாமல் இருக்க அவர் விட்டதில்லை. சுங்கை ஊடாங் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் முப்பது வருடம் வால்வு திருகி ஓய்வு பெற்ற மனிதர், வால்வைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. வாய் திறந்தால் இசைதான். அதிலும் ஒரே ஒரு இசை.

அவருக்குப் பதின்மூன்று வயதில், சுங்கை ரம்பாய் பக்கத்து ரப்பர் தோட்டத் திடலில் வெள்ளைத் துணி கட்டி ஓர் ஆங்கிலப் போர்ப்படம் காட்டினார்கள். டாங்கிகள் பாலைவனத்தைக் கடக்கும் கட்டத்தில், நூறு வயலின்களுக்கு நடுவே நம்ம உறுமி ஒலித்ததாம். வெள்ளைக்கார இசையமைப்பாளன் தமிழனின் தோற்கருவியைத் திருடிவிட்டான் என்பது ஹரிதாஸின் கண்டுபிடிப்பு. கல்யாணப் பந்தியிலும் கருமாதி வீட்டிலும் இதைச் சொன்னார். தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டியில் பரிசு கொடுக்கக் கூப்பிட்டபோதும் சொன்னார். சாக்கு ஓட்டத்துக்கு நின்ற பிள்ளைகள் சாக்குக்குள் கால் வைத்தபடியே கேட்டு முடித்தார்கள்.

இந்த வருடம் அவருக்கு யோகம் அடித்தது. ஊர்த் தமிழ் மன்றம் ஆண்டு விழாவில் 'இசை ஆய்வுச் செம்மல்' பட்டம் தருவதாக முடிவு செய்தது. தலைவர் நிவேந்திரன் முன்ஜாக்கிரதைக்காரர். விழா மலரில் அச்சேறுமுன் எல்லாரும் ஒரு தடவை அந்த உறுமியைக் கேட்டுவிடலாம் என்றார். அதே சமயம் பார்த்து அந்தப் படத்தின் வாத்திய இசை, ஒரு துணுக்கும் விடாமல், இரண்டு இசைத்தட்டுகளாக மறுபடி வெளிவந்திருந்தது. ஹரிதாஸ் லண்டனிலிருந்து வரவழைத்தார். வந்த பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. தெரிந்ததைத் தனியாகக் கேட்டு என்ன ஆகப்போகிறது? சாமி மாடத்தில் வைத்து அதற்கு விபூதி பூசினார்.

ஞாயிறு காலை மன்றத்தார் பதினோரு பேர் வந்தார்கள். மனைவி ஜெயமணி மீ கோரெங்கும் தேத்தண்ணியும் வைத்தார். ஹரிதாஸ் பொட்டலத்தைப் பிரித்து இசைத்தட்டைச் சுழலவிட்டார். டாங்கிக் கட்டம் நெருங்கியதும் விரலை உயர்த்தினார். வயலின் வந்தது. எக்காளம் வந்தது. விரல் அந்தரத்தில் நின்றது. உறுமி வரவில்லை. மறுபடி போட்டு ஒலியைக் கூட்டினார். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. பட்டத்துக்கு இன்னும் பதினைந்தே நாள். பொன்னாடைக்குப் பொருத்தமாகச் சட்டைகூடத் தைத்தாகிவிட்டது.

சாப்பிட்ட தட்டுகளை எடுக்க வந்த ஜெயமணி நின்றார். அவரும் அதே தோட்டத்துப் பிள்ளைதான்.

"அது எங்கப்பா அடிச்சதுங்க. படம் காட்டுன அன்னிக்குத் திருவிழாவுக்கு நாலு நாள் இருந்துச்சு. திரைக்குப் பின்னால கோயில்ல பழகிக்கிட்டிருந்தாங்க. மேனேஜர் ஆள் விட்டு நிறுத்தச் சொன்னாரு, அப்பா நிறுத்தல."

"இத்தன வருஷம் வாயில கொழுக்கட்டையா?"

"கல்யாணமான வருஷமே சொன்னேன். ஒனக்கு இசையப் பத்தி என்ன தெரியும்னீங்க."

சொந்த மாமனாரின் உறுமியைத் தூக்கி வெள்ளைக்காரனிடம் கொடுத்துவிட்டு, ஐயோ திருடிவிட்டானே என்று ஐம்பது வருடம் ஊரைக் கூட்டியிருக்கிறார். ஹரிதாஸுக்கு இது புரியாமல் இல்லை. ஒரு மிடறு தேத்தண்ணி இறங்கும் நேரம் நன்றாகவே புரிந்தது. பிறகு நிவேந்திரனைப் பார்த்தார். அழைப்பிதழ் அச்சாகிவிட்டது என்பது அந்த முகத்திலேயே எழுதியிருந்தது.

"வெட்டிட்டானுங்க லா," என்றார் ஹரிதாஸ். "இப்ப தட்டுல போடறப்ப வெட்டிட்டானுங்க. மாட்டிக்குவோம்னு பயம்."

நிவேந்திரனுக்கு மூச்சு வந்தது. பதினோரு தலைகளும் ஆடின. திருடியவன் தடயத்தை அழிக்காமல் விடுவானா? இருந்த உறுமியைவிட இல்லாத உறுமி பலமான சான்றாகிவிட்டது. அங்கேயே இசைத்தட்டுக் கம்பெனிக்கு ஒரு கண்டனக் கடிதம் எழுதி ஆளாளுக்குக் கையெழுத்திட்டார்கள். நேரில் கேட்ட சாட்சி ஒருவர் இருந்தால் நல்லது என்று நிவேந்திரன் சொல்ல, ஹரிதாஸ் பேனாவை மனைவியிடம் நீட்டினார்.

ஜெயமணி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, கடைசி வரியில் 'நாகமுத்து, உறுமி' என்று அப்பாவின் பெயரை எழுதினார். யாரும் வாசித்துப் பார்க்கவில்லை. உறையை ஒட்டியது ஹரிதாஸ்தான்.